சோறு முதலிலா, கணக்கு முதலிலா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் இளைஞர் மன்றம் நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இலங்கை மலையகத்தில் இரண்டு தோட்டப் பள்ளிகளுக்குக் கூரை போட்டுக் கொடுக்க அவருடைய மன்றம் நிதி திரட்டுகிறது. அதற்காக வெளிநாட்டு மேம்பாட்டு உதவி பற்றி வாசித்தபோது, எங்கு பார்த்தாலும் வெளிப்படைத்தன்மைக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றே எழுதியிருக்கிறார்களாம். "பசித்தவனுக்கு முதலில் சோறு போட வேண்டாமா? கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளக் கூடாதா? பெரிய நாடுகளுக்குச் சொன்னது எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கும் பொருந்துமா?" என்பது அவர் கேள்வி.

தம்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஜார்ஜ்டவுனில் கணக்காய்வு வேலை பார்த்தவன் நான். கணக்கின் பக்கம்தான் பேசுவேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். பேசத்தான் போகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய உதவி நிறுவனங்கள் ஏற்கெனவே மலைபோலக் கணக்கு எழுதுகின்றன. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பணம் கொடுத்தவருக்குச் சொல்கிறார்கள். யார் பெயரைச் சொல்லி அந்தப் பணம் திரட்டப்பட்டதோ அவருக்குச் சொல்வதில்லை. சோறு போய்ச் சேராததற்குப் பல இடங்களில் இதுவே காரணம்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். பட்டர்வொர்த்திலிருந்து கிரிக் வழியாகக் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் கோத்தா பாருவுக்குப் போயிருப்பீர்கள். மலை இறங்கிக் கிளந்தானுக்குள் நுழைந்ததும் ஜெலி வட்டாரம் வரும். அங்கேதான் 600 மெகாவாட் பெர்காவ் நீர்மின் நிலையம் இருக்கிறது. உலகம் முழுவதும் உதவி பற்றிப் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். நம் ஊரில் பலருக்குத் தெரியாது.

1988 மார்ச்சில் பிரிட்டனின் தற்காப்பு அமைச்சர் ஜார்ஜ் யங்கர் மலேசியாவுடன் ஓர் ஆயுத விற்பனை உடன்பாட்டில் கையெழுத்திட்டார். வாங்கும் ஆயுதத்தின் மதிப்பில் 20 விழுக்காடு அளவுக்கு மேம்பாட்டு உதவி கிடைக்கும் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஏழை நாடுகளின் வளர்ச்சிக்கென்று ஒதுக்கிய பணத்தை ஆயுத வியாபாரத்தோடு முடிச்சுப் போட்ட கதை அது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர், 316 மில்லியன் பவுண்டு செலவாகும் என்ற மதிப்பீட்டின் பேரில் பெர்காவ் அணைக்கு உதவுவதாக மலேசியப் பிரதமர் டாக்டர் மகாதீரிடம் வாக்குக் கொடுத்தார். சில வாரங்களிலேயே அணையைக் கட்டும் குத்தகை நிறுவனங்கள் விலையை 397 மில்லியனுக்கு ஏற்றிவிட்டன. பிரிட்டிஷ் உதவித் துறையின் பொருளியலாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எரிவாயு மின் நிலையங்களே மலிவு, இந்த அணையால் மலேசியாவின் மின்சாரப் பயனீட்டாளர்கள் 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் கூடுதலாகச் சுமக்க வேண்டிவரும் என்று சொன்னார்கள்.

அந்தத் துறையின் தலைமை அதிகாரி டிம் லங்கெஸ்டர் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. பிரிட்டனில் ஒரு துறையின் தலைமை அதிகாரிதான் அதன் செலவுக்கு நேரடிப் பொறுப்பாளி. ஒரு செலவு வீண் என்று அவர் நினைத்தால் அதை எழுத்தில் சொல்ல வேண்டும். அதையும் மீறிச் செய்ய விரும்பும் அமைச்சர் எழுத்தில் உத்தரவு தர வேண்டும். 1991ல் அப்படித்தான் நடந்தது. வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் உத்தரவு தந்தார். 234 மில்லியன் பவுண்டு உதவி ஒதுக்கப்பட்டது. ஆனால் அந்த இரண்டு தாள்களும் கோப்பில் தங்கிவிட்டன. 1993ல் பிரிட்டனின் தேசியக் கணக்காய்வு அலுவலகம் கோப்பைத் திறந்தபோது எல்லாம் வெளியே வந்தது. நாடாளுமன்றக் குழுக்கள் விசாரித்தன. உலக மேம்பாட்டு இயக்கம் என்ற தன்னார்வ அமைப்பு வழக்குப் போட்டது. அந்த அமைப்புக்கு இதில் சொந்த இழப்பு எதுவும் இல்லை. இருந்தாலும் வழக்காடும் தகுதி உண்டு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1994 நவம்பரில் அந்த உதவி சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பு வந்தது. பிறகு 2002ல் வந்த சட்டம், பிரிட்டனின் உதவிப் பணம் வறுமையைக் குறைக்கவே செலவிடப்பட வேண்டும் என்று எழுதி வைத்தது. இடையில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதியவற்றால் கோபமடைந்து, 1994 பிப்ரவரியில் மலேசியா அரசாங்கக் குத்தகைகளில் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்குத் தடை போட்டதும், செப்டம்பரில் எடுத்ததும் உங்கள் அப்பா வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. உண்மை வெளியே வந்ததற்குக் காரணம், லண்டனில் எதிர்ப்பை எழுத்தில் பதியக் கடமைப்பட்ட ஓர் அதிகாரி இருந்தார். கோப்பைத் திறக்க அதிகாரமுள்ள கணக்காய்வாளர் இருந்தார். கேள்வி கேட்க நாடாளுமன்றக் குழு இருந்தது. அந்நியன் போட்ட வழக்கையும் கேட்க நீதிமன்றம் தயாராக இருந்தது. இத்தனையும் பிரிட்டிஷ் வரிப்பணம் கட்டியவரைக் காக்க வந்தவை. மாதாமாதம் மின்கட்டணம் கட்டப் போகிற மலேசியக் குடும்பத்துக்கு உரிமையோடு ஒரு தாள்கூட வரவில்லை. அப்போது நான் ஓர் அலுவலகத்தில் இளநிலைக் கணக்கர். நம் மின்கட்டணத்தைப் பற்றிய ஒரு செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைச் சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்ததைப் பத்திரிகையில் வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

உதவியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நாம் சாப்பிடும் கெடா அரிசிக்குப் பின்னால் மூடா நீர்ப்பாசனத் திட்டம் இருக்கிறது. 1965ல் உலக வங்கி 45 மில்லியன் டாலர் கடன் கொடுத்தது. ஒருபோகம் விளைந்த வயல்களில் இருபோகம் விளைந்தது. கடன்தான், ஆனால் எதற்கு வாங்கினோம், என்ன கிடைத்தது என்பதைப் பல ஆய்வாளர்கள் வந்து அளந்து பார்க்க முடிந்தது.

இனி என் சொந்தக் கதை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பினாங்கில் மட்டும் 52 உயிர்களைக் கொண்டுபோனது. நம் கண் முன்னால் நடந்ததால், இலங்கைக்கும் இந்தோனேசியாவின் ஆச்சேவுக்கும் என்று இங்கே மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். உண்டியலோடு கடைகடையாகப் போனவர்களில் நானும் ஒருவன். 2006ல் ஓர் அறக்கட்டளை, தான் பணம் கொடுத்துக் கட்டிய வீடுகளின் கணக்கைச் சரிபார்க்க என்னை மட்டக்களப்புப் பக்கம் அனுப்பியது. பணம் இங்கிருந்து ஒரு பன்னாட்டு அமைப்புக்குப் போயிருந்தது. அது கொழும்பிலிருந்த இன்னோர் அமைப்புக்குக் கொடுத்திருந்தது. அவர்கள் ஊர்க் குத்தகைக்காரரிடம் வேலையைக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் ரசீது ஒழுங்காக இருந்தது. ஒரு தாள்கூடக் குறையவில்லை. ஊர் எல்லையில் ஒரு பலகை. அதில் நான்கு சின்னங்கள், ஆங்கிலத்தில் திட்டத்தின் பெயர். தொகை இல்லை.

வீடுகளில் ஒன்றில் சுவர் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. அந்த வீட்டு அக்கா, மீன் விற்பவர், எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "இந்த வீட்டுக்கு எவ்வளவு காசு வந்தது தம்பி?" என் பையில் கோப்பு இருந்தது. ஒரு வீட்டுக்கு எவ்வளவு என்ற எண் எனக்கு மனப்பாடம். கோப்பின் மேல் 'இரகசியம்' என்று முத்திரை குத்தியிருந்தது. மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அந்த எண் தெரிந்திருந்தால் அந்த அக்கா குத்தகைக்காரரிடம் போய், இத்தனை ரூபாய்க்கு இந்தச் சுவரா என்று கேட்டிருப்பார். அதைவிடப் பெரிய கணக்காய்வை நான் மூன்று நாளில் செய்துவிடவில்லை. நான் சரிபார்த்தது ரசீதுகளை. சுவரைச் சரிபார்க்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

ஆழிப்பேரலைக்குப் பின் சுமார் 13.5 பில்லியன் டாலர் திரண்டது. அந்த உதவியை மதிப்பிடப் பல அமைப்புகள் சேர்ந்து அமைத்த கூட்டுக்குழு 2006ல் அறிக்கை தந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பதில் சொல்வதைவிடக் கொடையாளிகளுக்குப் பதில் சொல்வதிலேயே அமைப்புகள் கவனமாக இருந்தன என்பது அதன் முக்கியமான குறைகளில் ஒன்று. அதை வாசித்தபோது அந்த வீட்டின் திண்ணைதான் நினைவுக்கு வந்தது.

ஆச்சேயில் கொஞ்சம் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். இந்தோனேசியா 2005ல் குந்தோரோ மங்குசுப்ரோதோ தலைமையில் மறுசீரமைப்புக்கென்றே ஒரு முகமையை அமைத்தது. எந்த அமைப்பு, எந்த ஊரில், எவ்வளவு பணத்தில், என்ன கட்டுகிறது என்பதை ஒரே தரவுத்தளத்தில் பதிய வைத்தார்கள், யாரும் பார்க்கலாம். முகமைக்குள்ளேயே ஊழல் தடுப்புப் பிரிவு இருந்தது. 2009ல் வேலையை முடித்து முகமையை மூடும்போது ஏறத்தாழ 140,000 வீடுகள் எழும்பியிருந்தன. குறைகள் நிறைய உண்டு. ஆனாலும் ஒரே ஊருக்கு மூன்று அமைப்புகள் படகு கொடுக்க, பக்கத்து ஊருக்கு ஒன்றும் கிடைக்காத நிலையைக் கண்டுபிடிக்கவாவது ஒரு பட்டியல் வேண்டுமல்லவா? சோறா கணக்கா என்ற கேள்விக்கு இதுவே நேரான பதில். பேரிடர் நாளில் யார் எங்கே எதைக் கொண்டுபோகிறார்கள் என்ற பட்டியல் இல்லையென்றால், சோறே ஓரிடத்தில் அழுகும், இன்னோரிடத்தில் பட்டினி கிடப்பார்கள்.

உலக அளவில் இதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2008ல் கானாவின் அக்ரா நகரில் உதவியின் பயன் பற்றி நடந்த மாநாட்டில், பன்னாட்டு உதவி வெளிப்படைத்தன்மை முன்னெடுப்பு என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓர் அடையாள எண். யார் கொடுத்தது, யார் வாங்கியது, எந்த மாதம் எவ்வளவு போனது, எந்த ஊர், என்ன பலன் என்பதை ஒரே வடிவில், கணினி வாசிக்கும்படி வெளியிட வேண்டும். பணம் வாங்கிய அமைப்பு தன் கணக்கை வெளியிடும்போது, தனக்குப் பணம் தந்த திட்டத்தின் எண்ணையும் குறிப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் சங்கிலி போல ஒரு டாலரை அதன் பின்னாலேயே நடந்து போய்ப் பார்க்கலாம். பிரிட்டனின் உதவித் துறை 2011ல் முதலில் வெளியிட்டது. பிரிட்டனும் நெதர்லாந்தும் தங்களிடம் மானியம் வாங்கும் அமைப்புகளும் இப்படி வெளியிட வேண்டும் என்று நிபந்தனை போட்டன. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் வெளியிடுகின்றன. யார் எவ்வளவு வெளிப்படை என்று தரவரிசையும் போடுகிறார்கள். 2022 பட்டியலில் முதலிடம் பிடித்தது பணக்கார நாடு எதுவும் அல்ல, ஆப்பிரிக்க மேம்பாட்டு வங்கியின் அரசுக் கடன் பிரிவு.

இது பெரிய முன்னேற்றம் என்று மனதாரச் சொல்கிறேன். ஆனால் சங்கிலி பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கையிலேயே அறுந்துவிடுகிறது. ஊர்க் குத்தகைக்காரர் வரை வருவது அரிது. வெளியாகும் தரவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அந்த மட்டக்களப்பு அக்காவுக்கு அதனால் என்ன பயன்? இன்னொன்றும் உண்டு. செலவான பிறகு வரும் கணக்கைவிட, செலவாகப் போகிற கணக்குதான் வாங்கும் நாட்டுக்கு உயிர். அமெரிக்காவின் நிதியாண்டு அக்டோபரில் தொடங்குகிறது, பிரிட்டன், ஜப்பான் இரண்டுக்கும் ஏப்ரலில். ஒரு சிறிய நாட்டின் சுகாதார அமைச்சு, அடுத்த ஆண்டு எத்தனை மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்க முடியும் என்று தெரியாமலேயே தன் வரவுசெலவுத் திட்டத்தைப் போடுகிறது. இது திருட்டு இல்லை. ஆனாலும் இதனால் வரும் சேதம் திருட்டால் வருவதைவிடக் குறைவில்லை.

வெளிப்படைத்தன்மை உண்மையில் வேலை செய்கிறதா என்று கேட்பீர்கள். இரண்டு நாடுகளைச் சொல்கிறேன். உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை, தொடக்கப்பள்ளிகளுக்கு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மத்திய அரசு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடுதான் பள்ளிகளை எட்டியது. மீதி வழியிலேயே, மாவட்ட அலுவலகங்களில் நின்றுவிட்டது. இதைக் கண்டுபிடித்த பிறகு, எந்த மாவட்டத்துக்கு எந்த மாதம் எவ்வளவு அனுப்பினோம் என்று அரசாங்கம் பத்திரிகைகளில் வெளியிட்டது. பள்ளிச் சுவரிலும் ஒட்டச் சொன்னது. 2001 வாக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. பத்திரிகைச் செய்தி மட்டுமே இதைச் செய்தது என்று சொன்னால் மிகை. அதே காலத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தன என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள், அது நியாயம்தான். ஆனால் தலைமையாசிரியர் கையில் தேதியும் தொகையும் இருந்தால் மாவட்ட அலுவலகத்தில் அவர் பேச்சு வேறாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது இந்தோனேசியா. இதை நான் கணக்காய்வுப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்வேன். உலக வங்கியின் ஆதரவோடு நடந்த கிராமச் சாலைத் திட்டம் ஒன்றில், 2003, 2004 ஆண்டுகளில் ஜாவாவின் 608 கிராமங்களில் பெஞ்சமின் ஓல்கென் என்ற பொருளியலாளர் ஒரு சோதனை நடத்தினார். சில கிராமங்களுக்கு, அரசாங்கக் கணக்காய்வு கட்டாயம் வரும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். வழக்கமாக அதற்கு வாய்ப்பு 4 விழுக்காடுதான். வேறு சில கிராமங்களில், கணக்குச் சொல்லும் கூட்டத்துக்கு மக்களை வீடு வீடாக அழைத்தார்கள். சாலை போட்டு முடிந்ததும் பொறியாளர்கள் அதைத் தோண்டி, எவ்வளவு கல், எவ்வளவு மணல் உள்ளே போயிருக்கிறது என்று அளந்தார்கள். ரசீதில் இருந்ததற்கும் மண்ணுக்குள் இருந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் காணாமல் போன பணம்.

கணக்காய்வு உறுதி என்று தெரிந்த கிராமங்களில் காணாமல் போவது 8 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. மக்களைக் கூட்டத்துக்கு அழைத்ததால் மொத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் உள்ளே பார்த்தால் ஒரு விஷயம் தெரிந்தது: கூலிப் பணத்தில் திருட்டு குறைந்தது, கல் மணலில் குறையவில்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். என் கூலி எவ்வளவு என்று எனக்குத் தெரியும், குறைந்தால் கேட்பேன். சாலைக்குள் எத்தனை அங்குலம் கல் போட வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மக்களிடம் கணக்கைக் கொடுத்தால் மட்டும் போதாது, அவர்கள் தங்கள் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய வடிவில் கொடுக்க வேண்டும். அவர்களால் பார்க்க முடியாததைப் பார்க்கப் பயிற்சி பெற்ற கணக்காய்வாளர் நிச்சயம் வர வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட முடியாது.

பணத்தின் அளவையே மறைக்கும் வழிகளும் உண்டு. பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவியாகத் தர வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1970ல் தீர்மானித்தது. அதை எட்டுபவர்கள் நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் என்று விரல்விட்டு எண்ணும் அளவுதான். கொடுத்ததாகச் சொல்லும் கணக்கிலும் எல்லாம் வெளிநாடு போவதில்லை. தன் நாட்டுக்குள் வந்த அகதிகளை முதல் ஆண்டு தங்கவைக்கும் செலவையும் உதவியாகக் கணக்கிட விதி இடம் தருகிறது. 2022ல் பிரிட்டனின் உதவிப் பணத்தில் கால்பங்குக்கு மேல் இப்படிப் பிரிட்டனுக்குள்ளேயே செலவானது. அகதிக்கு இடம் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் அதை ஏழை நாட்டின் பள்ளிக்கூடக் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எங்கள் நாட்டுக் கம்பெனியிடம்தான் பொருள் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும் உதவியும் அப்படியே. அதனால் விலை 15 முதல் 30 விழுக்காடு கூடும் என்பது பணக்கார நாடுகளின் சொந்த அமைப்பான ஓஇசிடி சொல்லும் மதிப்பீடு.

கணக்கு எழுதும் விதத்திலேயே பணம் மங்கிப் போவதும் நடக்கிறது. உலக வங்கி பருவநிலை நிதி என்று எண்ணும் தொகை, திட்டத்துக்கு ஒப்புதல் தரும்போது போட்ட மதிப்பீடு. திட்டம் முடிந்தபோது உண்மையில் எவ்வளவு செலவானது என்று பார்த்து அதைத் திருத்துவதில்லை. ஏழாண்டுகளில் இப்படி 24 முதல் 41 பில்லியன் டாலர் வரை எங்கே போனது என்று ஆவணத்தில் தேடிப் பிடிக்க முடியவில்லை என்று ஆக்ஸ்ஃபாம் என்ற தன்னார்வ அமைப்பு 2024ல் சொன்னது. திருடினார்கள் என்று அது சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நம் கோயில் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் எழுந்து, போன வருடம் இவ்வளவு செலவாகும் என்று நினைத்தோம், அதையே செலவாக எழுதிவிட்டோம் என்றால் விடுவார்களா?

கடன் இன்னும் ஆபத்தானது. மொசாம்பிக்கில் 2013, 2014ல் அரசு நிறுவனங்கள் மூன்று, சூரை மீன்பிடிப்பு, கடலோரப் பாதுகாப்பு என்று சொல்லி 2 பில்லியன் டாலர் கடன் வாங்கின. அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்தது. பெரும்பகுதி நாடாளுமன்றத்துக்கே தெரியாது. 2016ல் வெளியே வந்ததும் பன்னாட்டு நாணய நிதியமும் உதவி நாடுகளும் நேரடி உதவியை நிறுத்தின. அந்தக் கடனை வாங்கியது யாரென்றே தெரியாத ஏழைகள் விலைவாசியில் அதைக் கட்டினார்கள். சீனாவின் கடன் ஒப்பந்தங்கள் 100ஐ ஆராய்ந்த எய்ட்டேட்டா ஆய்வகமும் அதன் கூட்டாளிகளும் 2021ல் வெளியிட்ட அறிக்கையில், 2014க்குப் பிறகு அவர்கள் கைக்குக் கிடைத்த ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் இரகசியக் காப்பு விதி இருந்ததாகச் சொல்கிறார்கள். 2022 ஏப்ரலில் இலங்கை கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது, யாருக்கு எவ்வளவு, என்ன நிபந்தனையில் என்று பேசித் தீர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. நீங்கள் கூரை போடப் போகும் தோட்டத்து மக்கள் அந்த ஆண்டு பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்றவர்கள்தான்.

இன்னொரு கவலை புதியது. 2025ல் அமெரிக்கா தன் உதவி முகமையான யூஎஸ்எய்டைக் கலைத்தது. பிப்ரவரி தொடக்கத்திலேயே அதன் இணையத்தளம் அணைந்துவிட்டது. 1985லிருந்து பஞ்சம் வரப்போவதை முன்கூட்டியே சொல்லி வந்த எச்சரிக்கை வலையமைப்பின் தளமும் அதற்குச் சில நாள் முன்பு நின்றுபோனது. மாதங்கள் கழித்துத்தான் திரும்பி வந்தது. கொடுப்பவரின் கணினியில் மட்டும் இருக்கும் கணக்கு, கொடுப்பவர் மனம் மாறினால் போய்விடும். அதனால்தான் சொல்கிறேன், ஒரு பிரதி வாங்குபவரின் ஊரிலும், அவர் மொழியிலும் இருக்க வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் திறந்து போட்டுவிடலாமா? கூடாது. பணத்தின் விவரம் வெளிப்படையாக இருக்க வேண்டும். மனிதரின் விவரம் மூடியிருக்க வேண்டும். பங்களாதேஷில் ஐநா அகதிகள் ஆணையம் திரட்டிய ரோஹிங்யா மக்களின் விவரங்கள் மியன்மார் அரசு வரை போய்விட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் 2021ல் குற்றம் சாட்டியது. ஒப்புதல் பெற்றே செய்ததாக ஆணையம் பதில் சொன்னது. எது எப்படியோ, தன்னைத் துரத்திய அரசின் கையில் தன் பெயர் இருப்பதை யார் விரும்புவார்? கோலாலம்பூரில் நம்மோடு வாழும் அகதிகளுக்கும் இதே பயம் உண்டு. உதவி வாங்கும் பிள்ளையைச் சின்னத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்துப் போடுவதை வெளிப்படைத்தன்மை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அது அந்தப் பிள்ளையின் மானத்தை விலையாகக் கேட்பது.

நம் நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலேசியா இன்று வாங்கும் நாடு மட்டுமல்ல, கொடுக்கும் நாடும்கூட. 1980ல் தொடங்கிய மலேசியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தின் கீழ் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் அதிகாரிகள் இங்கே வந்து பயிற்சி பெற்றிருக்கிறார்கள். பத்து மாவுங்கில் இருக்கும் வோர்ல்ட்ஃபிஷ் மீன்வள ஆய்வு மையம் 2000ல் மணிலாவிலிருந்து நம் தீவுக்கு வந்தது. பல நாடுகளின் உதவிப் பணத்தில் இயங்குகிறது. அதனால் இது தூரத்து விவகாரம் இல்லை. பினாங்கு, சிலாங்கூர் இரண்டு மாநிலங்களிலும் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. மாநில அரசின் ஆவணத்தைக் கேட்டுப் பெற அது வழி தருகிறது. கூட்டரசு அளவில் 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் நிழல் இன்னும் பெரிதாகவே இருக்கிறது. இன்னொரு பெர்காவ் வந்தால் அதன் கோப்பு கோலாலம்பூரில் திறக்க வேண்டும். மறுபடியும் லண்டன் வழியாக நமக்கு வரக் கூடாது.

உங்கள் மன்றத்துக்கு வருகிறேன். சின்னக் குழுவுக்குப் பெரிய நிறுவனத்தின் படிவங்கள் தேவையில்லை. சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்புகிறீர்கள், நல்லது. ஆனால் அது மேலே போகும் கணக்கு. கீழே போகும் கணக்கு ஒரே தாளில் அடங்கும். வசூலைத் தொடங்கும் முன்பே, எவ்வளவு தேவை, ஒரு கூரைக்கு எத்தனை தகடு, எந்தத் தடிமன், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். பணம் மலேசிய வெள்ளியில் எவ்வளவு போனது, அங்கே இலங்கை ரூபாயில் எவ்வளவு வந்தது, மாற்றும்போது எவ்வளவு கழிந்தது என்பதையும் எழுதுங்கள். அந்த இடைவெளியில்தான் சந்தேகம் முளைக்கும். உங்கள் விமானச் சீட்டு இந்தப் பணத்திலிருந்தா, சொந்தக் காசிலிருந்தா என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்தத் தாளைத் தமிழில், சிங்களம் வாசிக்கும் தச்சருக்காகச் சிங்களத்திலும், இரண்டு பள்ளிகளின் வாசலிலும் ஒட்டச் சொல்லுங்கள். உங்கள் மன்றத்தின் பெயர் அதில் சின்னதாக இருக்கட்டும், தகட்டின் தடிமன் பெரிதாக இருக்கட்டும். அதே தகட்டில் ஒரு துண்டை மாதிரிக்காகப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டினால் இன்னும் நல்லது. பெற்றோர் விரலால் தொட்டு ஒப்பிட்டுக்கொள்வார்கள். குறை இருந்தால் கூப்பிட ஒரு தொலைபேசி எண், அதை எடுத்துத் தமிழில் பேச ஓர் ஆள்.

மிஞ்சும் பணத்தை என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நல்லவர்கள் சண்டை போட்டுப் பிரிந்த குழுக்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மிஞ்சிய பணத்தில்தான் தொடங்கியது. ரசீதுப் புத்தகம் அச்சடிக்கக் கொடுக்கும் முன் ஒரு தடவை கூப்பிடுங்கள் தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலம் காலியாக இருக்கும், பிறைக்கு நானே வந்துவிடுகிறேன்.